மூன்றாவது முறை கேட்டால்

மார்ச் 4

டீச்சரம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

டைல்ஸ் பெட்டியைத் தூக்கப்போய் அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. கடையில் தூக்க ஆள் இருக்கிறார்கள், என் கைதான் சும்மா இருக்காதே. ஹெர்னியா என்கிறார் டாக்டர். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பெரிய விஷயமில்லையாம். அவருக்கு இல்லை.

கடை மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வெள்ளையடித்து, பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் போட்டிருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

'உங்க வீட்டம்மா தனியா வெளியூர் போய் என்னதான் வேலை பாக்குறாங்க?' என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். 'ஆராய்ச்சியில கண்டுபிடிச்சதை டாக்டருக்கும் நர்சுக்கும் சொல்லிக்கொடுக்கிறா' என்றேன். 'ஏன், அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?' என்றார். நீயே எழுது, சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரன்


மார்ச் 10

முதலாளிக்கு,

பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் படிக்கத் தெரியும், படிக்கவும் செய்கிறார்கள். மறுநாள் வார்டுக்குப் போனதும் பழைய கைதான் வேலை செய்கிறது. அந்தக் கையைத் திருப்புவதுதான் என் பிழைப்பு. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பார்கள். இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலானவர்கள் வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். திரும்பிப்போய் 'தண்ணீரும் கூடாது' என்ற அதே போர்டைக் கட்டிலில் மாட்டுவார்கள். நீங்களாகக் குடித்துவைக்காதீர்கள், மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள்.

பதினெட்டாம் தேதி எனக்கு வேறு ஊரில் வகுப்பு. நாற்பது பேர் வருகிறார்கள், தள்ளிப்போட முடியாது. வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை நானே அடுக்கிவைக்கிறேன். ரூமுக்குச் சீக்கிரம் போய் என்ன செய்ய?

இந்த வேலையை நிரந்தரமாகத் தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். மாடி காலி, காற்று வருகிறது என்றெல்லாம் எழுதுகிறீர்கள். 'வா' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா


மார்ச் 24

டீச்சரம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. தையல் இழுக்கிறது, இருமினால் உயிர் போகிறது. மற்றபடி குறையில்லை.

அன்று காலை என் கட்டிலில் அந்தப் போர்டு இல்லை. ஒரு நர்ஸ் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். 'டாக்டர் சரின்னுட்டார், குடிங்க ஐயா' என்றாள். குடித்தேன். போய்விடுவாள் என்று பார்த்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'எதை நினைச்சுக் கவலையா இருக்கீங்க?'

'ஒண்ணுமில்லம்மா.'

திரும்பவும் கேட்டாள். 'அதான் ஒண்ணுமில்லேன்னேனே' என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

'கோவிச்சுக்காதீங்க ஐயா. எங்க பயிற்சி மேடம் வகுப்புல அவங்களே நோயாளியா நடிப்பாங்க. ஒரு கடைக்காரர். எது கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே ஒண்ணுமில்லம்பார். மூணாவது தடவையும் கேட்டாத்தான் வாயைத் திறப்பார். நீங்க அச்சு அசலா அவரேதான்.'

என் கையில் கண்ணாடியும் துணியும் இருந்தன.

நாற்பது நாற்பது பேராக உட்காரவைத்து என்னை நடித்துக் காட்டியிருக்கிறாய். கோபம் வந்தது, மறைக்கவில்லை. இவனிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள், வீட்டில் முதல் 'ஒண்ணுமில்ல'யோடு எழுந்து போய்விடுவாயே.

அதற்குள் அவள் மூன்றாவது முறையும் கேட்டுவிட்டாள். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது, அதுதான் என்றேன். கண் திறந்தபோது அவள் நின்றிருந்தாள். டியூட்டி முடிந்தும் போகவில்லையாம்.

நீ கேட்ட அந்த ஒரு சொல்லை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுதினால் வந்துவிடுவாய், தெரியும். ஆனால் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவரிடமும் அவள் அதே மாதிரி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மனுஷன் முதல் தடவையிலேயே அழுதுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்து நான் எப்படி எழுதுவேன்? கையெழுத்துப் போடு. மாடியை வாடகைக்கு விட்டாயிற்று.

டிஸ்சார்ஜ் ஆனபோது வண்டி வரை அந்த நர்ஸ்தான் என் பையைத் தூக்கிவந்தாள். 'வீட்ல யார் பாத்துப்பாங்க?' என்றாள். மனைவி இருக்கிறாள் என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கடைக்காரன்