கரடித்தோலில் முடியில்லாத இடம்

ஸ்டோனி கிரீக் பண்ணை, மிசௌரி
1852 ஏப்ரல் 12

மகன் லூசியனுக்கு,

தபாலில் நீ அனுப்பிய புத்தகம் நனையாமல் வந்து சேர்ந்தது. 'மேற்கு எல்லையின் சிங்கம் ஆமோஸ் டால்பட்'. உன் அப்பா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் சிங்கமாகிவிட்டார்.

நியூ ஆர்லியன்ஸில் கன்னியர் மடத்தில் படித்தவள் நான். பேனா இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் படிக்கிற பழக்கம் எனக்கில்லை. அறுபது பக்கத்துக்குள் பிழை நூறைத் தாண்டியது, அதற்குமேல் எண்ணவில்லை. அட்டைப்படத்தில் ரக்கூன் வால் தொங்கும் தோல் குல்லாய். அதைப் போடுகிறவன் தலையில் பேன் மேயும் என்று சொன்னவர் உன் அப்பா. அவருடைய கறுப்புத் தொப்பி இன்னும் கதவருகே ஆணியில் தொங்குகிறது. பதினோராம் பக்கத்தில் மிசௌரி ஆற்றை நீந்திக் கடக்கிறார். அவருக்கு நீந்தத் தெரியாது. குளிக்க வைப்பதற்கே கெஞ்ச வேண்டும். முப்பதாம் பக்கத்தில் அவர் அதட்டலுக்கு எருமை மந்தையே திரும்பி ஓடுகிறது. நம் வீட்டுப் பன்றிகூட அவர் குரலுக்குத் திரும்பியதில்லை.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மன்னிக்க முடியாது. கரடி வாசலுக்கு வருகிறது, அவர் கத்தியோடு பாய்கிறார், மனைவியும் ஒரே மகனும் பிழைக்கிறார்கள்.

ஒரே மகனா? உன் அக்கா ஒடீல் எங்கே?

ஆமோஸ் டால்பட்டின் விதவை,
உன் தாய்
செலஸ்டீன்


ஜெபர்சன் நகரம்
1852 ஏப்ரல் 25

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதவில்லையே. இங்கே எல்லோரும் சுகம்.

புத்தகத்தைப் பள்ளிக்கூட நோட்டுப்போலத் திருத்துகிறீர்கள். சட்டசபைத் தேர்தல் ஆகஸ்டில் வருகிறது. போகிற ஊரிலெல்லாம் "டால்பட் மவனா நீ? கரடியக் கொன்னவரு மவனா? அப்ப உனக்குத்தான்யா ஓட்டு" என்கிறார்கள். என் கொள்கை என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது மூன்று வயது. அக்காவின் முகம்கூட நினைவில்லை. அவளைக் கதையில் சேர்த்தால், அன்று அப்பா எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். இன்னொன்றும் கேட்கிறேன். நாற்பது வருடமாக அப்பா இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? ஒருமுறைகூட மறுத்ததில்லையே?

ஜூலை நான்காம் தேதி விழாவுக்கு மேடையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். அந்தக் கரடித்தோலையும் அனுப்பிவையுங்கள். மக்கள் அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

தங்கள் மகன்
லூசியன்


ஸ்டோனி கிரீக்
1852 மே 9

லூசியனுக்கு,

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நீ கேட்க வந்தது அதுவல்ல.

நான் மறுக்கவில்லை என்பது உண்மை. ஏன் என்பதையும் தெரிந்துகொள்.

1811 நவம்பர், பன்றி அறுத்த வாரம். உன் அப்பா வேட்டைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வாசலில் நானும் ஒடீலும் சோப்புக்காகச் சாம்பல் காரம் காய்ச்சிக்கொண்டிருந்தோம். கொழுப்பு வாசனைக்குக் கரடி வந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அது உன் பக்கம் திரும்பியது. "அம்மா, அந்தப் பக்கம் பிடி!" என்று கத்தியவள் அவள்தான். கொதிக்கும் கொப்பரையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கினோம். பாதி கரடியின் தலையிலும் தோளிலும் விழுந்தது, மீதி அவள்மேல். கண் தெரியாமல் சுழன்ற கரடியைக் கோடரியால் நான் முடித்தேன். ஒடீல் நான்கு நாள் இருந்தாள். ஒன்பது வயது.

ஐந்து மாதம் கழித்து உன் அப்பா மூட்டை மூட்டையாகத் தோலோடு வந்தார். கல்லறையைப் பார்த்தார். அந்த இலையுதிர்காலத்தில், அண்டை வீட்டார் கூடிச் சோளம் உரிக்கும்போது யாரோ கேட்டதற்கு, "நான்தான் கொன்னேன்" என்று முதல்முறையாகச் சொன்னார். வீட்டில் இல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவருக்குக் கதை பிடித்துப்போயிற்று, எனக்கு மௌனம் பழகிப்போயிற்று. அந்தக் குற்றத்தில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

ஆனால் அவர் வெட்கத்தில் சொன்ன பொய்யை நீ கூசாமல் சொல்கிறாய்.

தோலைத் தருகிறேன். நாற்காலியிலும் வந்து உட்காருகிறேன். நீ மேடையில் நின்று ஒடீலின் பெயரைச் சொல்ல வேண்டும். என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை.

ஆமோஸ் டால்பட்டின் விதவை,
உன் தாய்
செலஸ்டீன்


ஜெபர்சன் நகரம்
1852 மே 20

அம்மா,

சம்மதம். உங்கள் மகனாக வாக்குக் கொடுக்கிறேன். தோலை இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். ஜூலை மூன்றாம் தேதி உங்களை அழைத்துவர வண்டி வரும்.

லூசியன்


ஜெபர்சன் நகரம்
1852 ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வென்றுவிட்டேன்! விழா முடிந்ததும் தோலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். என்மேல் கோபம் என்று தெரியும். அக்காவின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது, அம்மா. சரியாக அந்த நேரத்தில் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது.

நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. முடியில்லாத இடத்தை மறைக்க வேறொரு கரடியின் தோலை நாங்கள் ஒட்டுப்போட்டிருந்தது உங்கள் கண்ணுக்குத் தப்புமா? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு தையலாக வெட்டத் தொடங்கினீர்கள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்று குனிந்து கேட்டேன்.

"தையல் மட்டம்டா. பிரிக்கிறேன். நீ பேசு."

முன்வரிசையில் இருந்த கிழவர் கழுத்தை நீட்டி, "என்னம்மா இது, இங்க முடியே காணோமே?" என்றார்.

"காரம் கொட்டின இடம். நானும் என் மக ஒடீலும் ஊத்தினோம். என் புருஷன் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

என் உயிர் போய்விட்டது. ஆனால் சாராயக்கடையில் சாயங்காலத்துக்குள் என்ன ஆனது தெரியுமா? "கேட்டியாய்யா, ஒரு கையில கத்தி, மறு கையில கொதிக்கிற கொப்பரை! டால்பட்டுன்னா டால்பட்டுதான்!" "கிழவிக்குப் பாவம், வயசாச்சு. எல்லாம் குழம்பிப்போச்சு." கதை முன்பைவிட நன்றாகிவிட்டது. பதிப்பாளர் உடனே இரண்டாம் பதிப்பு போட்டுவிட்டார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

என் வாக்கையும் காப்பாற்றிவிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒடீலின் பெயர் இருக்கிறது. குழந்தை சாவதை வாசகர்கள் விரும்ப மாட்டார்கள் என்று பதிப்பாளர் சிறிது மாற்றினார். எஜமானைக் காக்க உயிர்விட்ட விசுவாசமான வேட்டைநாய்க்கு அந்தப் பெயர். படிப்பவர்கள் அழுகிறார்கள், அம்மா.

தோலைத் திருப்பி அனுப்பினால் சட்டசபை மண்டபத்தில் மாட்டலாம் என்று ஒரு யோசனை.

தங்கள் அன்பு மகன்
லூசியன்


ஸ்டோனி கிரீக்
1852 ஆகஸ்ட் 30

சட்டசபை உறுப்பினர் லூசியன் டால்பட் அவர்களுக்கு,

புத்தகம் வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் படித்தேன். இந்தமுறை பேனாவைத் தொடவில்லை. திருத்தினால் தேறும் என்கிற நோட்டைத்தான் திருத்துவார்கள்.

தோல் கிடைக்காது. என்னைப் புதைக்கும்போது அதைப் போர்த்தச் சொல்லிவிட்டேன், முடியில்லாத இடம் மேலே தெரியும்படி. என் இடம் உங்கள் சிங்கத்தின் பக்கத்தில் அல்ல, கிழக்கு ஓரத்தில் சின்னக் கல்லறைக்கு அருகில். கல் வெட்டுகிறவரை வரவழைத்து எழுத்தையும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. டால்பட் என்கிற பெயர் அதில் இல்லை. கல் வெட்டுகிறவரையே அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். நீங்கள் வந்து சேர்க்கவோ மாற்றவோ ஒன்றுமில்லை.

கறுப்புத் தொப்பியை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். பொய் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பு உங்கள் அப்பா போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் தலைக்குச் சேராது என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒடீலின் தாய்