அக்கா வீட்டுக்காரர்

மார்ச் 3

மோட்டார் இன்றும் காற்றை இழுத்தது. கிணற்றுக்குள் இன்னொரு குழாய் இறக்கியும் வெங்காய வயலில் பாதிக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. நாளை ஊர்க்கூட்டம். நிலக்கரிச் சுரங்கத்தைச் சாலைக்கு இந்தப் பக்கமும் விரிக்கப் போகிறார்களாம். அதாவது, என் வயல் வழியாக. ஆறு பக்கத்துக்குப் பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். மோட்டார் அறையில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. இருபது வருஷமாக விவசாயிகள் சங்கச் செயலாளர் என்றால் சும்மாவா?

மார்ச் 4

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போதே மச்சினன் எழுந்துவிட்டான். என் மனைவியின் தம்பி, சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். "சுரங்கம் விரியலைன்னா எங்களுக்கெல்லாம் வேலை போயிடும். அதுக்கு என்ன சொல்றீங்க மாமா?" அதற்கான பதில் என் நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். கையில் மைக் கூட இல்லை.

"தம்பி, சுரங்கம் உனக்குச் சோறு போடுது, இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்க கரி எடுக்கறதுக்கு முன்னாடி எங்க தண்ணியத்தான் எடுக்கறாங்க. குழி காயணும்னு எங்க தண்ணிய இறைச்சு இறைச்சு வெளிய விடறாங்க. கிணறு வத்தினதும் வந்து, தண்ணியில்லாத நிலம்தானே, குடுத்துடுன்னு கேக்கறாங்க. இது எந்த ஊர் நியாயம்?"

பெஞ்சையெல்லாம் தட்டினார்கள். மச்சினன்கூட உட்கார்ந்துவிட்டான். ஊர்த் தலைவர் என் பக்கம் திரும்பி, "நீங்க முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருந்தது.

மார்ச் 5

என் பேச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 9

கூட்டத்துக்குப் பிறகு ஊரே என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. போன் வந்தது. "அக்கா வீட்டுக்காரரா?" சங்கச் செயலாளர் பேசுகிறேன் என்றேன். "ஓ... அக்கா இருக்காங்களா?" ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆமாம், பொறாமைதான். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்? வயிறு எரிகிறது. அவள் ஒரு வரி எழுதி வைத்தாளா? ஒத்திகை பார்த்தாளா? அந்தத் தண்ணீர் விஷயமே என்னுடையது! தினமும் சாப்பிடும்போது அவளிடம் நான் புலம்பியதுதான். என் ஐந்தாம் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. — சரி, அதை ஐந்தாம் பக்கத்தில் வைக்கச் சொன்னது யார்?

மார்ச் 15

அடுத்த ஊரில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என் பைக்கில்தான் போனோம். இறங்கியதும் "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போய்விட்டாள். கூட்டம் முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் குனிந்து, "அக்காவோட டிரைவருங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றேன். வற்புறுத்துவாள் என்று நினைத்தேன். "பசிச்சா அடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தாள். பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

மார்ச் 21

ஏப்ரல் பத்தாம் தேதி அரசாங்கத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம். அறிவிப்பில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: விரிவாக்கப் பகுதியில் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவர்கள் மட்டுமே பேசலாம்.

நிலம் என் பெயரில் இருக்கிறது.

அவள் இரண்டு தடவை படித்தாள். "நீங்களே நல்லாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் தரம் பிரிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நறுக்காத வெங்காயம் யாரையும் அழவைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், சந்தோஷத்தை மறைக்க முடியாமல் மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். பேச்சு எட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது.

மார்ச் 27

சுரங்கக் கம்பெனியின் நில அதிகாரி வயலுக்கே வந்தார். வரப்பில் நடந்தும் சட்டை மடிப்புக் கலையவில்லை. கம்பெனி ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறதாம். அதில் எனக்கு உறுப்பினர் பதவி, மேடையில் நாற்காலி. "விவரம் தெரிஞ்சவங்களோட பேசினாத்தான் சார் காரியம் நடக்கும்." சார்! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? தலைகால் புரியவில்லை. அந்த நாற்காலியைப் போடப்போவதே என் வயலைத் தோண்டத்தான் என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

வண்டியில் ஏறியவர் யாருக்கோ போன் போட்டார். கண்ணாடி இறங்கியிருந்தது. "கவலைப்படாதீங்க. அந்தம்மா பேச முடியாது. இவர் பேசுவாரு, பேசட்டும். இவர் பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

மார்ச் 28

ஒண்ணும் ஆகப்போறதில்லையாம். இருபது வருஷமா கத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகப்போறதில்லையாம்! அவளப் பாத்து பயப்படறானுங்க. எனக்கு நாற்காலி போடறானுங்க. யார் மேல எனக்குக் கோவம்? அவ மேலயா, அவன் மேலயா? நிலமே போயிட்டா அப்புறம் எட்டுப் பக்கத்த வச்சுகிட்டு என்ன பண்றது — மோட்டார் இல்லாத மோட்டார் ரூம்ல நின்னு பேசறதா?

மார்ச் 30

பதிவு அலுவலகம் போய் வந்தோம். பாதி நிலத்தை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தேன். கையெழுத்துப் போடவேண்டும், வா என்று மட்டும்தான் சொல்லி அழைத்துப் போயிருந்தேன். எழுத்தர் மூக்கை நுழைத்தார். "திடீர்னு எதுக்கு சார்? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"ஆமா, வீட்டுல ஒருத்தருக்குத்தான் பேச வருது" என்றேன்.

அவள் பத்திரத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"பேசறவங்க வரிசையில உன் பேரும் இருக்கணும்ல?"

வீடு திரும்பினோம். பைக்கில் எப்போதும் பின்கம்பியைத்தான் பிடித்துக்கொள்வாள். இன்று என் தோளைப் பிடித்திருந்தாள். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். அந்த அதிகாரியின் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும் என்பதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி என்னவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 10

அவள் பெயரைக் கூப்பிட்டதும் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகவே பாதி நிலத்தைக் கொடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். பிறகு வாசலில் நின்றிருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டே, "லாரி ஓட்டறவங்களுக்கு வேற வழி சொல்லாம, அக்காவையும் தம்பியையும் மோதவிட்டு வேடிக்கை பாக்காதீங்க" என்றாள். மச்சினன் கைதட்டவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.

அடுத்து நான். எட்டுப் பக்கமும் சட்டைப் பையில் இருந்தது. மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்துதான் பேச வேண்டியிருந்தது. "அவ சொன்ன கிணறு எங்க கிணறு. அவ சொன்னது நெசம்." அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் கைதட்டினார்கள். அவளுக்குத் தட்டியதைவிடக் குறைவு. கவனித்தேன்.

மே 2

எல்லாக் கிணறுகளையும் அளந்து முடிக்கும்வரை விரிவாக்கத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. மோட்டார் இன்றும் காற்றைத்தான் இழுத்தது.

சாயங்காலம் போன். "அக்கா வீட்டுக்காரருங்களா?"

"ஆமா. அக்கா தண்ணி பாய்ச்சறாங்க. இருங்க, குடுக்கறேன்."

போனை எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். வழக்கம்போலப் பாதிக்குத்தான் தண்ணீர் வந்திருந்தது. இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் புழுதி. அவள் பெயரில் எழுதிய பாதி காய்ந்து கிடக்க, மண்வெட்டியோடு நின்று என் பாதிக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

இதிலும் என்னை முந்திவிட்டாள்.