தினமும் போன் செய்யும் நிகில்

நிகிலுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தோடு முடித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். உன் ஆபீஸ் சந்திரசேகரன் நாளை ஒசாகாவுக்குக் கிளம்புகிறார். கோங்குரா ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வீட்டில் தண்ணீர் மோட்டார் கெட்டு, நானே ஆள் பிடித்துச் சரி செய்தேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டால்தான் கூட்டிப்போவேன் என்றாயே, அதற்காக உப்பலிலிருந்து அமீர்பேட்டுக்கு மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு போகிறேன். வகுப்பு தொடங்கியதும் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு அந்த மொழியில் பேச வேண்டும். நேற்று என்ன செய்தாய், யாரோடு பேசினாய், இவ்வளவுதான். பிறகு அவர் சொன்னதை நாம் எழுந்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வாய் பழக மாதங்கி மேடம் வைத்திருக்கும் வழக்கம். என் ஜோடி ஸ்டெல்லா. முதல் நாளே, உன் கணவர் போனில் என்ன சொன்னார் என்று கேட்டாள். நீ பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. மானம் போகக்கூடாதே என்று, சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு பொய். நீ எனக்காகப் பாடினாய். மழையில் குடையைத் தொலைத்தாய். என் தலைவலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னாய். ஸ்டெல்லா அதையெல்லாம் எழுந்து ஒப்பிக்க, வகுப்பே உன்மேல் உயிராக இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரோ ஒருத்தி தினமும் என்னிடம் நேற்று என்ன செய்தாய் என்று கேட்கிறாள். தாலி கட்டினவனுக்கு அது ஒருநாளும் தோன்றவில்லையே!

இப்போது மேடம், வரும் சனிக்கிழமை உன்னை வீடியோவில் கூப்பிட்டு எல்லாரும் பேசலாம் என்கிறார். நக்கோ மேடம், வேண்டாம், அவருக்கு வேலை இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

இங்கே மாலை ஆறு மணி, உனக்கு இரவு ஒன்பதரை. எடு. மீட்டிங் என்று கட் செய்தாயோ, அங்கேயே எழுந்து நின்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் போதுமான ஜப்பானிய மொழி எனக்கு வந்துவிட்டது. அத்தோடு வகுப்பும் நின்றது, ஒசாகாவும் நின்றது.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். சனிக்கிழமை அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் என்னைக் கேள், நேற்று என்ன செய்தாய் என்று. ஒரே ஒரு முறை கேள். நான் உண்மையைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஹம்ஸினி