அம்மாவின் களைப்பு

ஞாயிறு

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த தாய்மார் உக்குவளையில் கூடிப் பேசுகிறார்கள். அம்மா பேசுவதைச் சிங்களத்தில் சொல்வது என் வேலை.

இன்று அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “எனக்கு நல்லாயிருச்சுங்க. வீட்ல மட்டும் முடியலன்னு படுத்துக்கிறேன். தெரிஞ்சா மக கொழும்புக்கு வேலைக்குப் போயிருவா.”

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“அம்மாவுக்கு இன்னும் களைப்பாம்,” என்று சிங்களத்தில் சொன்னேன்.

பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்: “அவ்வளவு சிங்களம் எனக்கும் வெளங்கும்.”

அம்மாவுக்குக் கோபமா, நிம்மதியா, தெரியவில்லை. நான் யாருக்காக மாற்றிச் சொன்னேன் என்பதும் தெரியவில்லை. கொழும்பு வேலைக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், “முடியல,” என்று படுத்துக்கொண்டார். நானும் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.