வட்டத்தில் ஒரு இடம்

இஞ்சரும்,

நேரிலை சொன்னால் சண்டை வரும், அதுதான் எழுதிறன். ஒனிஹங்கா ஹோலிலை நீங்கள் பழகிற அந்த ஐரோப்பிய நடனம் எண்ணூறு வருசப் பழசு எண்டனீர். ஒருத்தர் பாட, மற்றவை கைகோத்துச் சுத்தி வந்து பல்லவியைத் திருப்பிப் பாடுவினமாம். நல்லது.

நேற்று உம்மைக் கூட்டிப்போக வெள்ளனவே வந்து யன்னலாலை பாத்தன். பாட்டு முடிஞ்சு எல்லாரும் கையை விட்டாச்சு. அந்த நெட்டையன் மட்டும் உம்மடை கையை விடேல்லை. நீரும் விடேல்லை. நான் ஒண்டும் நினைக்கேல்லை.

பிந்தி வாறவை எந்த இரண்டு பேருக்கு நடுவிலையும் புகுந்து கைகோக்கலாம் எண்டு நீர்தானே சொன்னனீர்? நீர் சமைக்கேக்கை பாடிப் பாடி அந்தப் பல்லவி எனக்கும் பாடம்.

வாற செவ்வாய் நானும் வாறன். எந்த இடத்திலை புகுவன் எண்டு உமக்குத் தெரியும்.

காருக்குள்ளை காத்திருந்து களைச்ச
உம்மடை மனுசன்