கொர்கொர்

நவம்பர் 3
அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பாவுக்கு மூச்சு நேற்றைவிட மோசம். ஆக்ஸிஜன் மெஷின் இரவுபகலாக ஓடுகிறது.

அப்பா ரேடியோ மெக்கானிக். படுத்த படுக்கையாவதற்கு முன் மொட்டைமாடியில் நீளமாகக் கம்பி கட்டி, பழைய ரேடியோவோடு இணைத்தார். வியாழன் கிரகம் தானாகவே ரேடியோ அலை வீசுமாம். அதன் காந்தப்புலத்துக்குள் அயோ என்ற நிலா சரியான இடத்துக்கு வந்தால் புயலே கிளம்புமாம். "கரையில அலை அடிக்கிற மாதிரி இருக்கும்டி. ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் எனக்கு."

போதும் என்றால்?

நவம்பர் 5
கேட்டுவிட்டோம்! கொர்... கொர்... என்று சீராக. அப்பா கண்ணை மூடிச் சிரித்தார். அம்மா, "வீட்டுல இருக்கற சத்தம் பத்தலன்னு அப்பனும் மகளும் வியாழன்லேர்ந்து வேற வரவழைக்கிறீங்களா?" என்றாள்.

நவம்பர் 6
அது வியாழன் இல்லை. பட்டப்பகலில், வியாழன் மறைந்த பிறகும் அதே கொர்கொர். அப்பாவின் மெஷின்தான் ரேடியோவில் இரைகிறது. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்குமோ?

நவம்பர் 8
அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி அயோ சரியா வருது. மெஷினை அஞ்சே நிமிஷம் நிறுத்து, தங்கம்."

"மாட்டேன்ப்பா."

"எது எவ்ளோ தாங்கும்னு மெக்கானிக்குக்குத் தெரியாதா?"

"நீங்க ரேடியோ இல்லப்பா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை.

நான் தூங்கினால் அவரே நிறுத்திவிடுவாரோ? அம்மாகிட்ட சொன்னா ரேடியோவைப் பிடுங்கிடுவா. அப்புறம் அவருக்கு என்னதான் இருக்கு? நான் யார்கிட்ட சொல்ல?

நவம்பர் 10, வெள்ளி
மெஷின் சுவிட்ச் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். ரேடியோவில் கொர்கொர் மட்டும். அப்பா என்னையே பார்க்கிறார். நான் சுவரைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் 11
நிறுத்தவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 19
எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 2
வாடகை மெஷினை இன்று எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் அதன் சக்கரத் தடம் மட்டும்.

இரவு அம்மாவே, "அந்த ரேடியோவைப் போடு" என்றாள். வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு — மெல்ல எழுந்து, சரிந்து, மறுபடி எழுந்து. அப்பா சொன்ன மாதிரியே.

"எவ்ளோ தெளிவா கேக்குது" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கொர்கொரே தேவலாம். அணைச்சிடு."

சுவிட்சைத் தொட எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் அணைத்தாள்.