நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம்

அன்புள்ள அண்ணே,

உங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகை இப்போதுதான் சுவரைத் தாண்டி வந்தது. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அண்ணி அதை நிறுத்தவில்லை. கோவையாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. அதனால் நான் சந்தேகப்பட்டவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. எல்.இ.டி பல்பு ஏமாற்று வேலை.
2. கடைக்காரர் அதற்கு உடந்தை.
3. நீங்கள் என் கரண்ட்டை எடுக்கிறீர்கள்.

சுங்கைப் பட்டாணி டவுனில் உள்ள பல்புக் கடைக்கு என்னை அழைத்துப் போனவர் நீங்கள்தான். "கரண்ட்டே திங்காது வாத்தியாரே, மாத்திப் பாருங்கலா!" என்றீர்கள். பல ஆண்டுகள் உழைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அது பொய்யானால் கேட்பதற்கு என் வயதுக்காரன் இருக்க மாட்டான் என்பது அச்சிட்டவனுக்குத் தெரியும் என நினைத்தேன். பழைய குண்டு பல்பு கேட்டபோது கடைக்காரர், "இப்ப வர்றதில்ல" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நம் இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். முதல் கோப்பை உங்களுக்கு. அதையும் நான் கவனித்தேன்.

வீடு முழுவதும் மாற்றியும் என் பில் இறங்கவில்லை. உங்களுடையது இறங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில் லெட்சுமி வருவாள் என்று, குளியலறை முதல் வாசல் வரை எல்லா பல்பையும் போடுவீர்கள். அதைப் பார்த்து நானும் போட்டேன். பிறகு எப்படி உங்களுக்கு மட்டும் குறையும்? இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதற்குள் ஒரு வயர் ஓடுகிறதோ?

கேட்கத் துணிவில்லை. ஒரு மாலை, உங்கள் வீடு பளிச்சென்று இருந்த நேரத்தில், என் மெயின் சுவிட்சை அணைத்தேன். உங்கள் வீட்டில் ஒரு பல்புகூட அணையவில்லை. நீங்கள்தான் டார்ச்சோடு ஓடிவந்தீர்கள்.

"என்ன வாத்தியாரே, பில் கட்டலையா? வாங்க, நம்ம வீட்டு வெளிச்சத்துல உக்காருங்க."

நான் வரவில்லை. முன்கூட்டியே வயரைக் கழற்றிவிட்டீர்களோ என்றுதான் தோன்றியது. அதன் பிறகு நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் தலைவலி என்றேன். கடைசி வரை அப்படியே போய்விட்டது.

நேற்று அண்ணியிடம், அத்தனை பல்பு எரிந்தும் பில் எப்படிக் குறைந்தது என்று மெல்லக் கேட்டேன்.

"சூடம் காட்டி முடிச்சதும் ஒவ்வொன்னா அணைச்சுட்டு வருவாரே! அப்புறம் ஹால்ல ஒரே லைட்டுதான். நீங்கதான் விடிய விடிய எரிய விடுவீங்க. 'திங்காதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், வாத்தியாரு அப்படியே நம்பிட்டாருலா'ன்னு சிரிப்பாரு. சொல்லத்தான் வந்தாரு, நீங்க கதவத் தொறந்தாத்தானே?"

எதையும் நம்பாத நான் நம்பியது அந்த ஒரு சொல்லைத்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுவேன். அதற்குப் பிறகு அங்கே இருட்டியதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்று நானும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, மிச்சமிருந்த ஒரு பல்பின் கீழ் இதை எழுதுகிறேன். பெட்டியில் அச்சிட்டிருப்பதை இன்னும் நம்பவில்லை. கடைக்காரரையும் முழுதாக நம்பவில்லை. பட்டியலில் அந்த இரண்டையும் அடிக்கப்போவதில்லை.

மூன்றாவது தவறு, அண்ணே.